இருமல் வருமுன் கண்டுபிடிக்க முடியுமா?

மாணவர்களே, ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்து பாருங்கள். நீங்கள் கோலா கங்சாரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் படிக்கிறீர்கள். உங்கள் பாட்டிக்கு இரண்டு மாதமாக இருமல். "வயசானா இருமல் வரத்தான் செய்யும். கடையில ஏதாச்சும் மருந்து வாங்கிட்டு வா, போதும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். உடல் மெலிந்தது. இரவில் வியர்த்துக் கொட்டியது. கடைசியில் அப்பா அவரைச் சுகாதார கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார். சளியைச் சோதித்தார்கள். காசநோய் என்று முடிவு வந்தது.

சில நாள்களில் அப்பாவின் கைத்தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வருகிறது. பாட்டிக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டது. ஆனால் அவரோடு ஒரே வீட்டில் வாழும் எல்லாரும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்கிறார் சுகாதார அலுவலர்.

உங்களுக்கு இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை. நேற்று மாலைதான் திடலில் ஒரு மணி நேரம் காற்பந்து விளையாடிவிட்டு வந்தீர்கள். "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் போகவேண்டும்?" என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்விதான். இதே கேள்வியோடு உலகின் காசநோய் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடையைப் பார்ப்போம்.

உடம்புக்குள் மூன்று நிலைகள்

கோவிட் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். நம் நாட்டில் அப்போது நோயாளிகளை ஐந்து பிரிவுகளாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் இருந்தவர்களுக்குக் கிருமி இருந்தது; ஆனால் எந்த அறிகுறியும் இல்லை. காசநோயிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் இங்கே கதை கொஞ்சம் நீளமானது. கோவிட் சில நாள்களில் முடிந்துவிடும். காசநோய்க் கிருமி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி பெர்லினில் அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24-ஐ உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கிறோம். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிய 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எதிலும் அவசரமில்லாத கிருமி இது.

ஒருவர் மூச்சில் வெளிவரும் கிருமியை இன்னொருவர் சுவாசித்தால் என்ன நடக்கும்? பலருக்கு உடலின் எதிர்ப்பு அணுக்கள் கிருமியைச் சூழ்ந்துகொண்டு, சிறு முடிச்சுப் போன்ற ஒரு வளையத்துக்குள் அடைத்துவிடும். கிருமி சாகாமல் உள்ளே தூங்கலாம். இது முதல் நிலை. இதை உறங்கும் தொற்று என்கிறோம். இந்த நிலையில் இருப்பவர் நோயாளி அல்லர். பிறருக்குப் பரப்பவும் மாட்டார். உலக மக்களில் நான்கில் ஒருவர் எப்போதாவது இந்தக் கிருமியின் தொற்றுக்கு உள்ளானவர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேர் வாழ்நாளில் எப்போதாவது நோயாளி ஆகிறார்கள். தொற்று ஏற்பட்ட முதல் இரண்டு ஆண்டுகளில்தான் ஆபத்து மிக அதிகம்.

மூன்றாம் நிலையை எல்லாருக்கும் தெரியும். வாரக்கணக்கில் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சிலருக்குச் சளியில் இரத்தம். பாட்டி இந்த நிலையில்தான் கிளினிக்குக்குப் போனார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு நிலை இருக்கிறது. கிருமி வளையத்தை உடைத்துக்கொண்டு பெருகத் தொடங்கிவிட்டது. நுரையீரலில் புண் உண்டாகிவிட்டது. சளியைச் சோதித்தால் கிருமி தெரியும். ஆனால் அந்த மனிதருக்கு எதுவும் தெரியாது. வேலைக்குப் போவார், பள்ளிக்குப் போவார், விளையாடுவார். அறிகுறியற்ற காசநோய் என்று சொல்லப்படும் நிலை இதுதான். நம் கட்டுரை தேடுவது இவரைத்தான்.

நுரையீரல் ஏன் முன்கூட்டியே சொல்வதில்லை?

விரலில் முள் குத்தினால் உடனே வலிக்கிறது. நுரையீரலில் புண் வந்தால் ஏன் வலிப்பதில்லை? நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வலியை உணரும் நரம்புகள் உண்டு. உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற திசுவில் அவை இல்லை. ஆகவே உள்ளுக்குள் புண் வளர்ந்தாலும், அது உறையைத் தொடும்வரை வலி வராமல் இருக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. நமக்குத் தேவையானதை விட அதிகமான நுரையீரல் நம்மிடம் இருக்கிறது. ஒரு மூலை பழுதானாலும் மீதிப் பகுதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். மூச்சு வாங்காது. இருமல் எப்போது வரும்? புண்ணிலிருந்து கசிவது மூச்சுக்குழாய்க்குள் வந்து அதை உறுத்தும்போது வரும். கிருமி மெதுவாகப் பிரிவதால் அந்தக் கட்டத்தை அடையப் பல மாதங்கள் ஆகலாம்.

இருமாதவர் கிருமியைப் பரப்பமாட்டாரா? முன்பு அப்படித்தான் நினைத்தார்கள். இப்போது அந்த எண்ணம் மாறிவருகிறது. சாதாரணமாக மூச்சு விடும்போதும் நுண்ணிய துளிகளோடு கிருமி வெளியே வருவதைத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகர ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒருமுறை இருமினால் அதிகத் துளிகள் வரும் என்பது உண்மை. ஆனால் ஒரு நாளில் நாம் ஏறத்தாழ 20,000 முறை மூச்சு விடுகிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சென்னையில் கிடைத்த பாடம்

அறிகுறிக்கு முந்திய காலம் எவ்வளவு முக்கியமானது என்பதற்கான ஒரு துப்பு, அதைத் தேடாத ஓர் ஆய்விலிருந்து கிடைத்தது. அந்த ஆய்வு நடந்த இடம் சென்னை.

1950-களில் காசநோயாளி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கவேண்டும் என்பதே விதி. நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு. ஆனால் இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை கட்டில்கள் இல்லை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும் உலகச் சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. பிரிட்டனைச் சேர்ந்த வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் அதை வழிநடத்தினார்.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை அந்த மையம் எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ பாதிப் பேர் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மீதிப் பேர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். யார் எந்தக் குழு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. இரு குழுவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டுச் சிகிச்சை. 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

நமக்கு வேண்டிய செய்தி அதற்கு அடுத்ததில் இருக்கிறது. நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்தால் குடும்பத்தாருக்கு நோய் பரவிவிடாதா? அந்தப் பயம் எல்லாருக்கும் இருந்தது. ஆகவே இரு குழுக்களின் குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரோடு வாழ்ந்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை!

எப்படி? மருந்து தொடங்கியதும் நோயாளி பரப்பும் தன்மை வேகமாகக் குறைந்துவிட்டது. குடும்பத்தாருக்குக் கிருமி போயிருந்தால், அது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே போயிருந்தது. ஆக, மருந்து சாப்பிடும் பாட்டியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. கண்டுபிடிக்கப்படாமல் நடமாடிய மாதங்களே ஆபத்தானவை.

கேள்வி கேட்டால் போதுமா?

மருந்து கிடைத்த பிறகு பல நாடுகள் ஓர் எளிய வழியைப் பின்பற்றின. இருமலோடு கிளினிக்குக்கு வருபவரின் சளியைச் சோதி. கிருமி இருந்தால் மருந்து கொடு. குறைந்த செலவில் நிறையப் பேரைக் காப்பாற்றிய வழி இது. நம் நாட்டிலும் 1961-இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின், ஒருகாலத்தில் மலாயாவின் மிகப்பெரிய கொல்லிகளில் ஒன்றாக இருந்த இந்த நோய் வெகுவாக அடங்கியது.

ஆனால் அது மறையவில்லை. 2022-இல் மலேசியாவில் 25,391 பேருக்குக் காசநோய் பதிவானது. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். உலக அளவில் 2023-இல் 1 கோடியே 8 லட்சம் பேர் நோயுற்றார்கள். 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். மருந்து இருந்தும் நோய் ஏன் ஓயவில்லை?

ஒரு பெரிய காரணத்தை இந்தியாவின் தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு எண்ணிக் காட்டியது. 2019 முதல் 2021 வரை நடந்த அந்தக் கணக்கெடுப்பை ஒருங்கிணைத்தது, 1956-இல் தொடங்கிய அதே சென்னை மையம்தான். இன்று அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். எக்ஸ்ரே பொருத்திய வாகனங்கள் ஊர் ஊராகப் போயின. 15 வயதுக்கு மேற்பட்ட மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரைச் சோதித்தார்கள். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்பதோடு நிற்காமல், நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். இரண்டில் எதிலாவது சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை.

கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினரைக் காட்டிக்கொடுத்தது எக்ஸ்ரே மட்டுமே. அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால், 100 நோயாளிகளில் ஏறத்தாழ 43 பேர் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. மற்ற நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளிலும் ஏறத்தாழ பாதி நோயாளிகள் இப்படித்தான் இருந்தார்கள்.

நிழலைப் படிப்பது, கிருமியின் முகவரியைப் படிப்பது

உடம்பு பேசாதபோது அதை எப்படிப் படிப்பது? இன்று முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, எக்ஸ்ரே. காற்று நிறைந்த ஆரோக்கியமான நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரியும். வீங்கிய அல்லது புண்ணான பகுதி கதிரைத் தடுப்பதால் வெண்மையாகத் தெரியும். எக்ஸ்ரே என்றால் கதிர்வீச்சு ஆயிற்றே என்று தயங்கவேண்டாம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைப்பது, மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே இரண்டு வாரங்களில் நமக்குக் கிடைக்கும் கதிர்வீச்சின் அளவுதான், அல்லது அதைவிடக் குறைவு. இப்போது தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய சிறிய எக்ஸ்ரே கருவிகளும் வந்துவிட்டன. படத்தைப் படிக்க மருத்துவர் இல்லாத இடங்களில் கணினியே படிக்கிறது. ஆயிரக்கணக்கான பழைய படங்களைக் காட்டிப் பழக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு நிரல், "இந்தப் படத்தில் சந்தேகம் இருக்கிறது" என்று ஒரு மதிப்பெண் கொடுக்கும். 15 வயதுக்கு மேற்பட்டோரிடம் இதைப் பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது.

இரண்டாவது, சளியில் கிருமியைத் தேடுவது. நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடிக்க, ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகள் இருக்கவேண்டும். அறிகுறி இல்லாதவரிடம் அவ்வளவு இருக்காது. ஜீன் எக்ஸ்பர்ட் என்ற கருவி வேறு வழியில் போகிறது. கிருமியின் மரபணுத் துண்டைத் தேடிப் பிடித்து, அதைப் பல மடங்கு நகல் எடுத்து அடையாளம் காட்டுகிறது. ஆகவே சில நூறு கிருமிகள் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். முடிவு இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்கும். முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். ஒரு சிக்கல் உண்டு: இருமாதவரிடம் சளியை எங்கே வாங்குவது? உப்பு நீர் ஆவியைச் சுவாசிக்கச் செய்து சளியை வரவழைக்கிறார்கள். நாக்கின் மேல் பஞ்சுக் குச்சியால் துடைத்துச் சோதிக்கும் முறையையும் ஆராய்ந்து வருகிறார்கள்.

மூன்றாவது, தோல் பரிசோதனை அல்லது இரத்தப் பரிசோதனை. மாண்டூ பரிசோதனையில் கையின் தோலுக்குள் 0.1 மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்துவார்கள். 48 முதல் 72 மணி நேரம் கழித்து, அங்கே தடித்திருக்கும் பகுதியை மில்லிமீட்டரில் அளப்பார்கள். உங்கள் எதிர்ப்பு அணுக்கள் இந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால் தோல் தடிக்கும். கவனியுங்கள்: இது தொற்றைத்தான் காட்டுகிறது. கிருமி உறங்குகிறதா, விழித்துவிட்டதா என்று இதனால் சொல்ல முடியாது. பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியும் சிலருக்குத் தோலைத் தடிக்கச் செய்யலாம். அதனால்தான் தோல் பரிசோதனையோடு எக்ஸ்ரேயும் எடுக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம்

"அப்படியானால் நாட்டில் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்துவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். தாளும் பேனாவும் எடுங்கள். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழும் 1,000 பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் 10 பேருக்கு நோய் இருக்கிறது. நம் எக்ஸ்ரே சோதனை 100 நோயாளிகளில் 90 பேரைப் பிடிக்கும். ஆரோக்கியமானவர் 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடும். மீதி 10 பேரைத் தவறாகச் சந்தேகிக்கும். பழைய தழும்பு, வேறு நுரையீரல் நோய் என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

நோய் உள்ள 10 பேரில் 9 பேர் பிடிபடுவார்கள். நோய் இல்லாத 990 பேரில் 99 பேர் தவறாகப் பிடிபடுவார்கள். மொத்தம் 108 பேர். அவர்களில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தான்!

இப்போது இரண்டாவது சல்லடை. 108 பேரின் சளியையும் ஜீன் எக்ஸ்பர்ட்டில் சோதிக்கிறோம். அது தவறாகச் சந்தேகிப்பது 100-க்கு ஒருவரை மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். கிருமி குறைவாக இருப்பதால் 9 நோயாளிகளில் 7 பேரைத்தான் அது பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முடிவில் 8 பேர் பிடிபடுவார்கள். அவர்களில் 7 பேர் உண்மையான நோயாளிகள். முதல் சல்லடை யாரையும் தப்பவிடக் கூடாது. இரண்டாவது சல்லடை யாரையும் தவறாகப் பிடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் பயன்.

இதே கணக்கை 1,000 பேரில் ஒருவருக்கு மட்டும் நோய் உள்ள கூட்டத்தில் போட்டுப் பாருங்கள். அந்த ஒருவருக்காக முதல் சல்லடையில் ஏறத்தாழ 100 பேர் தேவையில்லாமல் பிடிபடுவார்கள். நூறு குடும்பங்களுக்குப் பயம், அலைச்சல், செலவு. சோதனை அதே சோதனைதான், கூட்டம்தான் மாறியது. ஆகவே, நோய் இருக்க வாய்ப்பு அதிகமுள்ள இடத்தில் தேடவேண்டும். பக்கத்து ஊரில் உள்ளவரை விட்டுவிட்டு, பாட்டியோடு வாழும் உங்களை ஏன் அழைத்தார்கள் என்பது இப்போது புரிகிறதா?

ஊரையே தேடியவர்கள்

ஊர் முழுவதையும் தேடிப் பார்த்த முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 1957-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐந்து வாரங்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். வந்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ் கொடுத்தார்கள். குலுக்கல் பரிசுகளும் இருந்தன. 2,800-க்கும் மேற்பட்ட நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். ஆனால் நோய் குறையக் குறைய, நாம் மேலே போட்ட கணக்கு குறுக்கே வந்தது. கண்டுபிடிக்கப்படுபவர் குறைவு, செலவோ அதே. 1974-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, இப்படி எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுப்பதைக் கைவிடலாம் என்று சொல்லிவிட்டது.

நாற்பது ஆண்டுகள் கழித்து வியட்நாமின் தென்கோடியில் உள்ள கா மாவ் மாநிலத்தில் கேள்வி மறுபடியும் எழுந்தது. அங்கே 120 குடியிருப்புப் பகுதிகளை ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், இருமல் உண்டா இல்லையா என்று பார்க்காமல், பெரியவர்கள் எல்லாரிடமும் சளி கேட்டு ஜீன் எக்ஸ்பர்ட்டில் சோதித்தார்கள். மூன்று ஆண்டுகள் இப்படி நடந்தது. மற்றப் பகுதிகளில் வழக்கமான முறை. நான்காம் ஆண்டில் எண்ணிப் பார்த்தபோது, தேடிய பகுதிகளில் ஒரு லட்சம் பேருக்கு 126 நோயாளிகள். தேடாத பகுதிகளில் 226 பேர். 2019-இல் இந்த முடிவு வெளியானது. காத்திருப்பதை விடத் தேடிப் போவது நோயைக் குறைக்கும் என்பதற்கு வலுவான சான்று இது.

2024 டிசம்பரில் இந்தியாவும் 100 நாள் தேடல் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. முதியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், நோயாளியின் குடும்பத்தார் போன்றோரை அறிகுறி இல்லாவிட்டாலும் சோதித்தார்கள். அதில் சுமார் 2 லட்சத்து 85 ஆயிரம் அறிகுறியற்ற நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டதாக இந்திய அரசு அறிவித்தது.

இன்னும் விடை தெரியாத கேள்விகளும் இருக்கின்றன. அறிகுறியற்ற நோயாளிகள் எல்லாரும் நாளை படுத்த படுக்கை ஆகிவிடுவதில்லை. சிலருக்கு உடலே கிருமியை மறுபடியும் அடக்கிவிடுகிறது. யாருக்கு நோய் முற்றும், யாருக்கு அடங்கும் என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை இன்னும் வரவில்லை. உங்களில் யாராவது ஒருவர் அதைக் கண்டுபிடிக்கலாம்.

பாட்டிக்கு எப்போது வந்தது?

மறுபடியும் உங்கள் கற்பனை வீட்டுக்கு வருவோம். பாட்டிக்கு 75 வயது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிருமி எப்போது வந்திருக்கும்? சென்ற ஆண்டாகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுகளுக்கு முன்பாகவும் இருக்கலாம்!

கோலா கங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய ரப்பர் மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1877-இல் இந்த ஊரில் நட்ட கன்றுகளில் மிஞ்சியது அது. அந்த மரத்தின் வம்சம் பேராக் முழுவதும் தோட்டங்களாகப் பரவியது. பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோர்கள் லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். சிறு அறைகள், ஒரே அறையில் ஏழெட்டுப் பேர், இரவில் மூடிய சன்னல். காற்றில் பரவும் கிருமிக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. பாட்டி சிறுமியாக இருந்தபோது அப்படி ஓர் அறையில் கிருமியைச் சுவாசித்திருக்கலாம். அவர் உடல் அதை அடைத்து வைத்தது. பிறகு முதுமை வந்தது, நீரிழிவும் வந்தது, காவல் தளர்ந்தது, கிருமி விழித்தது.

நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு, இல்லாதவரை விட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். மலேசியாவில் இந்தியர்களிடையே நீரிழிவு மிக அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததே. ஆகவே பெரியவர்களின் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் காசநோயைத் தடுக்கும் வேலைதான்.

அழைப்பு வந்தால்

1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி, காசநோயைக் கண்டறியும் மருத்துவர் அதைச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். உங்கள் வீட்டுக்கு அழைப்பு வந்தது அப்படித்தான். யாரும் உங்களைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை.

போனால் என்ன நடக்கும்? மூன்றில் ஒன்று. எதுவும் இல்லை என்று தெரியலாம். அப்போதும் சில மாதம் கழித்து மறுபடியும் வரச் சொல்வார்கள், தவறாமல் போங்கள். உறங்கும் தொற்று என்று தெரியலாம்; அது விழிக்காமல் இருக்க சில மாதங்களுக்கு மாத்திரை கொடுப்பார்கள். அறிகுறியற்ற நோய் என்று தெரியலாம். அப்போது வழக்கமாக ஆறு மாதச் சிகிச்சை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்படாதீர்கள். அது ரிஃபாம்பிசினின் நிறம். நடுவில் மட்டும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகலாம்.

பதின்ம வயதில் இதற்கு இன்னும் முக்கியத்துவம் உண்டு. ஐந்து முதல் பத்து வயதுவரை காசநோய் வரும் வாய்ப்பு குறைவு. அதற்குப் பிறகு அது மறுபடியும் ஏறத் தொடங்குகிறது. நீங்கள் நாள்தோறும் முப்பது, நாற்பது பேரோடு ஒரே வகுப்பறையில் உட்காருகிறீர்கள். உங்களைச் சோதித்துக்கொள்வது அவர்களுக்கும் செய்யும் உதவி.

இன்னொன்றையும் வீட்டில் சொல்லுங்கள். காசநோய் தட்டில் பரவாது, தம்ளரில் பரவாது, கைகுலுக்கினால் பரவாது. காற்றில்தான் பரவும். பாட்டிக்குத் தனித் தட்டு வைத்து ஒதுக்குவதால் பயன் எதுவும் இல்லை. அவர் மனம் நொந்து மருந்தை விட்டுவிடலாம். தட்டை மாற்றவேண்டாம், சன்னலைத் திறந்து வையுங்கள். முதல் சில வாரங்கள் அவர் முகக்கவரி அணியட்டும். மாத்திரை நேரத்தை நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் போகவேண்டும்?" உங்களுக்கு ஒன்றும் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் இந்தியக் கணக்கெடுப்பில் அந்த 43 பேரும் இதையேதான் நினைத்தார்கள். உங்கள் நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று நீங்கள் உணர்ந்து சொல்ல முடியாது. அடுத்த சந்திப்பு நாளில் பாட்டியோடு நீங்களும் கிளம்புங்கள். ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். மாலை காற்பந்துக்குத் திரும்பி வந்துவிடலாம்.